ஈரோட்டு மண்டிக்காரர் போட்ட கணக்கு

பெரியாரைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் வைக்கம் வரும், கள்ளுக்கடை மறியல் வரும், இந்தி எதிர்ப்பு வரும், வகுப்புரிமை வரும். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் ஒரு சங்கதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் பிறப்பது, அதை யார் முடிவு செய்வது, அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றி அவர் சொல்லி வந்த சங்கதிதான் அது. மேடையில் பேசக் கூச்சம் ஒரு காரணம். ஆஸ்பத்திரிச் சுவரில் அரசாங்கமே எழுதிப் போட்டுவிட்டதே, இனிமேல் இதில் பேச என்ன இருக்கிறது என்கிற அலட்சியம் மற்றொரு காரணம்.

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பகுதித் தொழிலாளித் தோழர்களுக்கு இதைவிட நெருங்கிய சங்கதி வேறில்லை. கூலி உயர்வுக்குச் சங்கம் கூட்டுகிறோம். பஞ்சப்படிக்காக ஆலை வாசலில் நிற்கிறோம். போனசுக்காகப் பேச்சு நடத்துகிறோம். அப்படிப் போராடி வாங்கி வந்த சம்பளம் வீட்டுக்குள் எத்தனை தட்டுகளில் பிரிகிறது என்ற கணக்கை மட்டும், ஆண்டவன் விட்ட வழி என்றோ, அது பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்றோ ஒதுக்கி விடுகிறோம். அந்தக் கணக்கை வெட்கப்படாமல் நடுத்தெருவில் வைத்துப் போட்டுக் காட்டியவர் ஈரோட்டுக்காரர். அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு கோணத்திலிருந்து திரும்பிப் பார்ப்போம்.

மண்டியில் கற்ற பாடம்

ஈ.வெ.ராமசாமி 1879 செப்டம்பர் 17இல் ஈரோட்டில் பிறந்தார். தகப்பனார் வெங்கட்டர், தாயார் சின்னத்தாயம்மாள். வெங்கட்டர் இளமையில் கூலி வேலை செய்து பிழைத்தவர். பிறகு சிறுகடை வைத்து, அது வளர்ந்து மண்டியாகி, ஊரில் பெரிய வியாபாரிகளில் ஒருவரானவர். அவருக்குப் பிள்ளைகள் நால்வர்: கிருஷ்ணசாமி, ராமசாமி, கண்ணம்மாள், பொன்னுத்தாயம்மாள்.

அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் பிள்ளை என்றால் ஆளுக்கொரு பொருள். தோட்டம் உள்ள குடியானவனுக்குப் பிள்ளை என்பது வேலைக்கு ஒரு கை. கவலை இறைக்க ஒருவன், மடை திருப்ப ஒருவன், மாடு மேய்க்க ஒருவன், களையெடுக்கப் பெண்மக்கள் என்று எல்லோருக்கும் வேலை உண்டு. ஆனால் பாகம் பிரிக்கிற நாள் வந்தால் 8 ஏக்கர் தோட்டம் 4 மகன்களுக்கு ஆளுக்கு 2 ஏக்கராகும். கிணறு ஒன்று, பங்காளிகள் நான்கு பேர். முறைத் தண்ணீருக்குத் தகராறு, தகராறுக்கு வழக்கு, வழக்குக்கு வக்கீல் என்று போய், கடைசியில் 2 ஏக்கரும் கடன்காரனுக்குச் சேரும். நிலமில்லாத பண்ணையாளுக்கோ பிள்ளையே அடமானப் பொருள். வாங்கிய கடனுக்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று 1933இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை யூகித்துக் கொள்ளலாம்.

வியாபாரிக்குப் பிள்ளை என்பது வாரிசு. ராமசாமி பள்ளிக்கூடம் போனது சில ஆண்டுகளே. 12 வயதளவில் மண்டிக்கு வந்து விட்டார். மூட்டைகளுக்கு விலாசம் போடுவதும் சரக்கை ஏலம் கூறுவதும் அவர் வேலை. வரவு என்ன, செலவு என்ன, இருப்பு என்ன என்று பார்க்கிற பழக்கம் அங்கே படிந்தது. எதை எடுத்தாலும், இதனால் வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்று கேட்பார். பிற்காலத்தில் சாதியை அளந்ததும், சாத்திரத்தை அளந்ததும், கலியாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் அளந்ததும் இந்தத் தராசில்தான்.

சொந்த வீட்டில் கண்டது

1898இல் அவருக்கும் நாகம்மையாருக்கும் திருமணம். அவருக்கு வயது 19, அம்மையாருக்கு 13. ஒரு பெண் குழந்தை பிறந்தது. 5 மாதத்தில் இறந்து போயிற்று. அதன்பின் பிள்ளை இல்லை.

வசதியுள்ள வீட்டில் பிள்ளை இல்லாவிட்டால் இன்னொரு பெண்ணைப் பார்த்துக் கட்டி வைப்பது அந்நாளில் சர்வ சாதாரணம். ஆண் பிள்ளை இல்லாதவனுக்கு நரகம் என்று சாத்திரம் சொல்லும். சொத்து கைமாறிப் போகுமே என்று சொந்தம் சொல்லும். பிள்ளை பெறாதவளை மலடி என்று ஊர் சொல்லும். நாகம்மையார் உயிரோடு இருந்த 35 ஆண்டுகளிலும் ராமசாமி வேறு மணம் செய்து கொள்ளவில்லை. பிள்ளை பெறும் கருவியாக மனைவியைக் கருதாதே என்று ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் அப்படி நடந்து காட்டியவர் அவர்.

அதே குடும்பத்தில் இன்னொரு துன்பமும் நேர்ந்தது. அவருடைய சகோதரியின் மகளுக்குச் சிறுவயதிலேயே மணம் செய்து வைத்தார்கள். விளையாடும் பருவத்திலேயே அந்தப் பெண் விதவையானாள். உற்றார் உறவினர் எதிர்ப்பை மீறி 1909இல் அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார் ராமசாமி. சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய செயல் அது. ஒருத்தியைப் பெறு, இன்னும் பெறு என்று நெருக்குகிற சமூகம், இன்னொருத்தியை வாழவே கூடாது என்று மூலையில் உட்கார வைக்கிறது. இரண்டு இடத்திலும் சம்பந்தப்பட்ட பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதை அவர் புத்தகத்தில் படித்தறியவில்லை. தம் குடும்பத்திலேயே கண்டார்.

ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தபோது காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குள் கொண்டுவர வழி செய்தார். ஊரில் பிளேக் பரவியபோது, மற்றவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட, அவர் தெருவில் இறங்கி வேலை செய்தார். ஏழைகள் அதிகம் பிள்ளை பெறுவதற்கு முக்கியமான காரணமே இந்தத் தெருக்களில் இருந்தது. இந்தியாவில் பிறந்த 5 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று, ஒரு வயது முடிவதற்குள் மாண்டு போன காலம் அது. கழிவுத் தண்ணீர், அம்மை, காலரா, பேதி எல்லாம் பங்கு கேட்டன. பத்துப் பெற்றால் ஐந்தாவது தங்காதா என்று ஏழை நினைத்தான். அதை அறியாமை என்று ஏசுவது எளிது. சாவுக்குப் பயந்தவன் கட்டிய இன்சூரன்சு அது. அந்த இன்சூரன்சுக்குப் பிரீமியம் கட்டியது மட்டும் மனைவியின் உடம்பு.

‘குடி அரசு’ எழுப்பிய கேள்வி

1925 மே 2இல் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, விதவை மறுமணம் ஆகியவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றியது. அதே வரிசையில், 1930இல் கர்ப்பத்தடையைப் பற்றி ‘குடி அரசு’ வெளிப்படையாக எழுதியது. கர்ப்ப ஆட்சி என்ற சொல்லும் அந்நாளில் வழங்கியது. அது பொருத்தமான சொல். தடை என்றால் யாரோ போடுவது. ஆட்சி என்றால் உரியவர் நடத்துவது.

பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சொன்னவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். லண்டனில் 1877இல், கருத்தடை பற்றிய சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டதற்காக அன்னி பெசன்டும் பிராட்லாவும் வழக்கைச் சந்தித்தார்கள். அந்த அம்மையார் பிரம்மஞான சபையில் சேர்ந்தபின் அந்தக் கொள்கையைக் கைவிட்டுவிட்டார் என்பது வேறு கதை. சத்தியமங்கலம் மலைக்கு அந்தப் பக்கமுள்ள மைசூர் சமஸ்தானம் 1930இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே கருத்தடை நிலையங்களைத் திறந்தது. ஆகவே கொள்கை புதிதல்ல. அதற்கு அவர் காட்டிய காரணம்தான் புதிது.

மற்றவர்கள் சொன்ன காரணங்கள் என்ன? தேசம் வறுமைப்படும் என்றார்கள். குடும்பச் சொத்து சிதறும் என்றார்கள். தாயின் ஆரோக்கியம் கெடும், பிள்ளைகள் நோஞ்சானாகும் என்றார்கள். இவையெல்லாம் பொய் என்று பெரியார் சொல்லவில்லை. ஆனால் இவற்றில் எதுவும் முதல் காரணம் ஆகாது என்றார். பிள்ளை பெற்றுக்கொண்டே இருக்கும்வரை பெண் தன் விருப்பப்படி எதையும் செய்ய முடியாது. ஆகவே பெண் விடுதலை பெறுவதற்காகவே பிள்ளைப்பேறு அவள் ஆட்சிக்குள் வரவேண்டும் என்பது அவர் வாதம். தேசத்தின் பெயரால் குறைத்துப் பெறச் சொல்கிறவன், நாளைக்குத் தேசத்தின் பெயராலேயே கூட்டிப் பெறவும் சொல்லுவான். பெண்ணின் உரிமை என்று வைத்துவிட்டால் இரண்டு பேச்சுக்கும் இடமில்லை.

எட்டுப் பிள்ளைகளின் கணக்கு

அவர் காரணத்தைப் புரிந்துகொள்ள, மண்டிக் கணக்குப் போல ஒரு கணக்கு நாமே போட்டுப் பார்ப்போம்.

16 வயதில் முதல் பிள்ளை பெறுகிற ஒருத்தி 8 பிள்ளைகள் பெறுகிறாள் என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு 9 மாதம் சுமை. 8 பிள்ளைக்கு 72 மாதம், அதாவது 6 ஆண்டு. ஒரு பிள்ளைக்கு ஒன்றரை ஆண்டு பால் கொடுத்தால் 8 பிள்ளைக்கு 12 ஆண்டு. ஆக மொத்தம் 18 ஆண்டு. பதினாறு வயதிலிருந்து முப்பத்து நான்கு வயது வரை, சுமக்காத நாளும் பால் கொடுக்காத நாளும் அவளுக்கு இல்லை. எந்தக் கைதிக்கும் இடையில் ஜாமீன் உண்டு. இவளுக்கு அதுவும் இல்லை. இந்தக் கணக்கில் நாம் இன்னும் சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கோடு பஞ்சாலையைச் சேர்த்துப் பாருங்கள். கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. 1930ஆம் ஆண்டுகளில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் வரிசையாக எழுந்தன. கிராமத்திலிருந்து ஆணும் பெண்ணும் ஆலைக்கு வந்தார்கள். ரீலிங், வைண்டிங் பகுதிகளில் பெண்கள் நின்றார்கள். 1934ஆம் ஆண்டுச் சட்டம்தான் வேலை நேரத்தை நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்று குறைத்தது. அதற்கு முன் நாளைக்கு 11 மணி. பதினொரு மணி நேரம் நூலோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு அங்கே எட்டு வயிறு காத்திருக்கும்.

வீடு என்பது ஓர் அறை. களி கிண்டினால் முதல் உருண்டை புருஷனுக்கு, பிறகு ஆண்பிள்ளைகளுக்கு, பிறகு பெண்பிள்ளைகளுக்கு, பானையின் அடியில் இருப்பது அவளுக்கு. அவள்தான் வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றும் வைத்திருப்பவள். பண்டிகைக்கு எட்டுத் துணி என்றால் ஜவுளிக்கடையில் கடன். மழைக்காலத்தில் ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் ஒரே பாயில் படுத்த மற்ற மூன்றுக்கும் காய்ச்சல். வைத்தியச் செலவுக்கு வட்டிக் கடன். மளிகைக்கடைச் சிட்டையில் பழைய பாக்கி தீராமல் புதுப் பாக்கி ஏறும்.

யாருடைய நோட்டிலும் எழுதப்படாத செலவு ஒன்றும் உண்டு. அது மூத்த பெண்ணின் படிப்பு. தாய் ஆலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? எட்டு வயது அக்காள் பார்ப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. தம்பி தங்கைகளைத் தூக்கித் தூக்கியே அவள் பருவமடைவாள். மறுவருடம் கலியாணம். பிறகு அவளுக்கும் அதே பதினெட்டு ஆண்டுக் கணக்கு. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போனது அதுதான்.

சங்கத் தோழர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்தில் பத்தாவது நாள் முதலில் தளர்கிறவன் யார்? கோழையா? பெரும்பாலும் இல்லை. வீட்டில் எட்டு வாய் உள்ளவன். ஆலை நிர்வாகத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

இங்கே எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். தொழிலாளி அதிகம் பெற்றதால்தான் ஏழையானான் என்று சில கனவான்கள் சொல்லுவார்கள். அது புரட்டு. பிள்ளையே இல்லாத தொழிலாளியும் அந்தக் கூலியில் ஏழைதான். வறுமைக்கு வேர், உழைப்பவனுக்கு உரியது கிடைக்காததில் இருக்கிறது. பெரியார் சாதியையும் பணக்காரனையும் விட்டுவிட்டுத் தொட்டிலை மட்டும் குறை சொன்னவர் அல்லர். கூலிக்காகப் போராடுகிற அதே வீட்டுக்குள்ளே கூலியே இல்லாமல் உழைக்கிற ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய கணக்கையும் எடு என்பதே அவர் சொன்னதன் சாரம்.

எதிர்ப்பும் ஏளனமும்

இதற்கு எதிர்ப்பு வராமல் இருக்குமா? பிள்ளை கடவுள் கொடுப்பது, அதைத் தடுப்பது பாவம் என்றார்கள் வைதிகர்கள். ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள் பெரிய மனிதர்கள். 1935 டிசம்பரில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் அம்மையார் வார்தாவுக்கு வந்து காந்தியாரைச் சந்தித்துக் கருத்தடைக்கு ஆதரவு கேட்டபோது, காந்தியார் செயற்கை முறைகளை ஏற்க மறுத்து, புலனடக்கமே வழி என்றார். நோக்கம் எதுவாயினும் ஒரு கேள்வி நிற்கிறது. புருஷனிடம் மாட்டேன் என்று சொல்ல உரிமையில்லாதவளுக்குப் புலனடக்கம் எப்படிப் பயன்படும்? அடக்கம் அவன் விருப்பம்; பேறுகாலம் அவள் தலைவிதி.

1931 டிசம்பரில் புறப்பட்டு சோவியத் நாடு, ஜெர்மனி, இங்கிலாந்து உள்ளிட்ட பல நாடுகளைச் சுற்றி 1932 நவம்பரில் அவர் திரும்பினார். தொழிற்சாலையோடு சேர்ந்து குழந்தைக் காப்பகமும் பொதுச் சமையற்கூடமும் நடத்தத் தொடங்கியிருந்த நாடு அன்றைய சோவியத் நாடு. அவர் இல்லாத காலத்தில் ஈரோட்டில் இதழையும் இயக்கத்தையும் நாகம்மையார் கவனித்து வந்தார். கள்ளுக்கடை மறியலிலும் வைக்கத்திலும் முன்னின்ற அந்த அம்மையார் 1933 மே 11இல் மறைந்தார். மலடி என்று ஒரு சொல்லால் ஊர் முடித்துவிடக்கூடிய ஒரு வாழ்க்கை, பிள்ளை இல்லாமலேயே எவ்வளவு பெரிய வாழ்க்கையாக முடியும் என்பதற்கு அவரே சான்று.

‘இனிவரும் உலகம்’ என்ற நூலில், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே கருவை உண்டாக்கும் காலம் வரும் என்று பெரியார் எழுதியதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. 1978இல் இங்கிலாந்தில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அவர் மறைந்து 5 ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை.

சர்க்கார் எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

காலம் மாறிற்று. பாவம் என்று சொல்லப்பட்டது சர்க்கார் திட்டமாயிற்று. இந்திய அரசு 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. சென்னை ராஜ்ய அரசு 1956இல், அறுவை செய்து கொள்ளும் ஏழைகளுக்கு ரொக்கம் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. பின்னர் சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் வந்தது. 1973 டிசம்பர் 24இல் பெரியார் 94ஆம் வயதில் வேலூரில் மறைந்தபோது, அவர் 1930இல் சொன்னது ஊர்க்கிணற்றடியில் பேசுகிற சங்கதியாகிவிட்டிருந்தது.

ஆனால் சர்க்கார் அவருடைய முறையை எடுத்துக்கொண்டு, அவருடைய காரணத்தை விட்டுவிட்டது. ஜனத்தொகை, உணவுப் பஞ்சம், ஐந்தாண்டுத் திட்டம் ஆகியவை காரணங்களாயின. பெண்ணின் உரிமை பின்னுக்குப் போயிற்று. அதன் விளைவுகளை மூன்று இடங்களில் கண்டோம்.

முதலாவது, 1976. நெருக்கடி நிலைக் காலத்தில் வடநாட்டில் ஏழைகளை வளைத்துப் பிடித்து அறுவை செய்தார்கள். 1976-77இல் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. உரிமைக்காக வந்த ஒன்று தண்டனையாயிற்று.

இரண்டாவது, நம் கொங்கு மண். இங்கே குடும்பம் சீக்கிரமே சிறுத்தது. தோட்டம் பிரியக் கூடாது என்று ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். ஆனால் பிள்ளை ஒன்று போதும் என்றவர்கள், அந்த ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்றார்கள். சேலம் வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992இல் அங்கே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. கருவிலேயே பெண் என்று கண்டு அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. வரதட்சணைப் பணம் சேர்ப்பதற்காகவே இளம் பெண்களை ஆண்டுக்கணக்கில் நூற்பாலை விடுதிகளில் அடைத்து வைத்து வேலை வாங்கிய முறைக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயரும் வைத்தார்கள். குடும்பத்தைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது, பெண்ணைச் சமமாக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சியம் வேண்டுமா?

மூன்றாவது, யாருடைய உடம்பு என்பது. 1960ஆம் ஆண்டுகளில் நாட்டில் அறுவை செய்து கொண்டவர்களில் பெரும்பகுதியினர் ஆண்கள். 1977க்குப் பின் ஆண்கள் ஒதுங்கிக் கொண்டார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்து கொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்கு அது சிறிய அறுவை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கிற வேலை. பெறுகிற வலியும் அவளுக்கு, நிறுத்துகிற வலியும் அவளுக்கு என்றால், கணக்கில் நம் பங்கு என்ன தோழர்களே?

இன்று கேட்கிற புதுப் பேச்சு

1992-93இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரி 2.5 என்றிருந்த பிள்ளைப்பேறு, 2019-21இல் 1.8 ஆகிவிட்டது. இதனால் ஒரு புதிய சிக்கல். மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரித்தால், கட்டுப்பாட்டோடு நடந்த தென்மாநிலங்களுக்கு இடம் குறையும். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976இல் தொகுதிகளின் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்கள். 2001இல் அதையே, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரை நீட்டினார்கள். இந்த அநியாயத்தை எதிர்க்க வேண்டியது நம் கடமை. ஆனால் 2024, 2025ஆம் ஆண்டுகளில் இந்த விவாதத்தின் நடுவே, அப்படியானால் நாமும் நிறையப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்ற பேச்சும் மணமேடைகளில் கேட்டது. வேடிக்கையாகச் சொன்னாலும் அது வேடிக்கையான சங்கதி அல்ல. தொகுதிக்கான சண்டையை நாடாளுமன்றத்தில் போட வேண்டும்; நீதிமன்றத்தில் போட வேண்டும்; தெருவில் போட வேண்டும். பெண்ணின் வயிற்றில் போடக் கூடாது.

நிறையப் பெறுங்கள் என்கிறவர்கள், இன்று திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் தைக்கிற ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். தைக்காத நாளுக்குக் கூலி இல்லை. சட்டப்படி விடுப்பு கிடைக்கிற இடத்திலும், 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், மூன்றாவதிலிருந்து 12 வாரம் என்று பிரித்துவிட்டது. குழந்தைக் காப்பகம் பெரிய ஆலைகளுக்குச் சட்டம் விதித்தது. சந்துக்குள் இருக்கும் சிறு யூனிட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. கிராமத்திலிருந்து மாமியாரையோ அம்மாவையோ அழைத்து வந்தால் லைன் வீட்டில் படுக்க இடமில்லை. மூன்று பிள்ளைகள் என்று தெரிந்தால் வீடு கொடுக்கத் தயங்குகிற வீட்டுக்காரர் உண்டு. பள்ளிக்கூட வேன், நோட்டுப் புத்தகம், டியூசன் என்று ஒன்றுக்குக் கட்டினால் இரண்டாவதுக்குக் கடன். மூன்றாவது வந்தால் வேலையை விட வேண்டியவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

பிள்ளை பெற வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இரண்டோ மூன்றோ வேண்டும் என்று ஒருத்தி விரும்பினால் அதுவும் அவள் உரிமை. அந்த உரிமை நடைமுறையில் இருக்க வேண்டுமானால் செலவைச் சமூகம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கீட்டுக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். 1956இல் காமராசர் அதை மதிய உணவாக விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022இல் காலை உணவு தொடங்கியது. ஏழைத் தாயின் அடுப்பிலிருந்து ஒவ்வொரு வேளையாக இறக்கி வைத்த வேலை அது. 1955இல் இ.எஸ்.ஐ. கோவைக்கு வந்தபோது நோய்ச் செலவின் ஒரு பகுதி தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கியது. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை வந்தபோது, செங்கற்பட்டுத் தீர்மானம் 60 ஆண்டு கழித்துச் சட்டமாயிற்று.

மிச்சம் இருக்கிற வேலை நம்முடையது. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலி, போனசுக்குப் பக்கத்திலேயே குழந்தைக் காப்பகத்தையும் எழுதுங்கள். பீஸ் ரேட் பெண்ணுக்கும் பேறுகாலச் சம்பளம் கேளுங்கள். இனிப் பிள்ளை வேண்டாம் என்று வீட்டில் முடிவானால், ஆஸ்பத்திரிக்கு நாம் போகலாமே என்று முதலில் யோசியுங்கள். முடிவு எடுக்கிற நேரத்தில் மாமியாரைக் கேட்காதீர்கள், சோதிடனைக் கேட்காதீர்கள், மேடையில் பேசுகிறவனையும் கேட்காதீர்கள். சுமக்கப் போகிறவளைக் கேளுங்கள். ஈரோட்டு மண்டிக்காரர் போட்ட கணக்கில் முதல் வரி அவளுடையது.